கண்டதும் சொல்வதும்

ஒரு மனிதன் தன் கண்ணால் கண்ட உண்மையை இன்னொருவனிடம் சொல்வதில் பிழை ஏதும் இருக்க முடியுமா? பொய் சொல்வது பாவம் என்று குர்ஆன் மத்ரஸா நாட்களிலிருந்தே படித்து வந்திருக்கிறோம். உண்மையைச் சொல்வதற்கும் ஒரு வரம்பு உண்டென்பதை அவ்வளவு அழுத்தமாகப் படிக்கவில்லை. மனிதரைப் பற்றிய பேச்சில் மார்க்கம் இந்த வரம்பைத் தெளிவாகவே வகுத்திருக்கிறது. எமது வளவுகளிலும் களப்பிலும் கடற்கரையிலும் எம்மோடு வாழும் வாயில்லாச் சீவன்களைப் பற்றிய பேச்சில் அந்த வரம்பு எங்கே இருக்கிறது என்பதே இங்கு நான் எழுப்ப விரும்பும் வினா. சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆயினும் ஓர் உயிர் தப்புவதும் தப்பாமற் போவதும் எமது நாவில் தங்கியிருக்கும் வேளைகள் உண்டு.

கிழக்கிலங்கையின் கரையோரக் கிராமங்களில் வாழ்பவர்களுக்கு இத்தகைய பேச்சு புதிதல்ல. சுபஹு தொழுதுவிட்டுத் திரும்பும் வழியிலும், வேலிக்கு இரு புறமும் நின்றுகொண்டும், தேத்தண்ணிக் கடை வாங்கிலும் நாளாந்தம் யாரோ ஒருவர் தாம் கண்டதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். வீட்டுக் கூரைக்குள் மரநாய் குட்டி போட்டிருக்கிறது. முருங்கை மரத்தடியில் புலுனிகள் கூடிநின்று கத்துகின்றன, பக்கத்தில் பாம்பு கிடக்கவேண்டும். களப்பில் கூழைக்கடாக்கள் இறங்கிவிட்டன. கரைவலையில் ஆமையொன்று அகப்பட்டு, வலையைத் தூக்கி அதை வெளியே விட்டார்கள். மாரி தொடங்குமுன் ஐப்பசி மாதமளவில் “ஆறுமணிக்குருவி வந்திட்டு” என்று ஒரு வீட்டில் சொன்னால், அந்த ஒழுங்கை முழுக்க அன்று அதுதான் பேச்சு. இமயமலை அடிவாரத்திலும் இந்தியாவின் நடுப்பகுதியிலும் குஞ்சு பொரித்துவிட்டு எமது நாட்டுக்கு வரும் அந்தச் சின்னஞ்சிறு பறவை, சித்திரை மாதமளவில் திரும்பிப் போய்விடும். வந்த புதிதில் பயணக் களைப்பினால் வீட்டுத் திண்ணையிலும் விறாந்தையிலும் விழுந்து கிடப்பதும் உண்டு. ஒரு பிள்ளை அதைக் கையில் ஏந்தித் தண்ணீர் பருக்கி, மரக்கிளையில் வைத்துவிட்டு வந்து அயல்வீட்டாரிடம் சொல்லும்போது அந்த முகத்தில் தெரியும் மகிழ்ச்சியை எந்தப் பாடப்புத்தகத்தாலும் தர முடியாது.

இந்தப் பேச்சின் பயனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. அயலவருக்குச் செய்யவேண்டிய கடமைகளைப் பற்றி மிம்பர்களில் நிறையவே கேட்கிறோம். குழம்பில் தண்ணீரைக் கூட்டியாவது அயலாருக்குக் கொடுக்கும்படி போதிக்கப்பட்ட சமூகம் நாம். கண்ட அழகைப் பங்கிட்டுக்கொள்வதும் அந்த வகையைச் சேர்ந்ததே. காணிப் பிரச்சினையோ அரசியலோ பேசத் தொடங்கினால் முகம் சுழிக்கும் இரண்டு வீட்டார், வேலியோரத்தில் செண்பகம் கூடு கட்டியிருப்பதைப் பற்றிப் பேசினால் அரை மணித்தியாலம் நின்று பேசுவார்கள். தமிழ் அயலவருக்கும் முஸ்லிம் அயலவருக்கும் இடையில் பேச்சே அறுந்துபோன காலங்களுக்குப் பிறகு முதலில் ஒட்டிய பேச்சு, பல இடங்களில் மழை, மீன், பறவை பற்றியதாகவே இருந்தது. அதில் யாரும் யாரையும் சந்தேகிக்கத் தேவையிருக்கவில்லை.

ஆனால், அதே பேச்சு வேறொரு காதில் விழும்போது வேறொன்றாகிவிடுகிறது. பக்கத்து வளவு ராத்தா ஒருவர் காலையில் வந்து, “சேர், ராவு எங்கட வளவுக்குள்ள அழுங்கொண்டு வந்திச்சு. புத்தைக் கிண்டிப் போட்டுப் போயிருக்கு” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்க எவ்வளவு இனிமையாக இருக்கிறது! கறையான் புற்றைத் தேடி இரவில் நடமாடும், யாருக்கும் தீங்கு செய்யாத, பயந்தால் உருண்டு பந்தாகிவிடும் ஒரு பிராணி அது. அதே வார்த்தைகளை அவருடைய மகன் தேத்தண்ணிக் கடையில் சொன்னால், அன்றிரவே நாயோடும் டோர்ச் லைட்டோடும் ஆட்கள் வந்துவிடக்கூடும். அழுங்கின் இறைச்சிக்கும் செதிலுக்கும் உலகெங்கும் இருக்கும் கிராக்கி காரணமாக, எல்லா அழுங்கு இனங்களையும் பன்னாட்டு வணிகத்துக்கு முற்றாகத் தடைசெய்யப்பட்ட பட்டியலில் சேர்ப்பதற்கு 2016ஆம் ஆண்டில் நாடுகள் உடன்பட்டன. இந்தப் பிராணி பெரும்பாலும் ஒரு முறைக்கு ஒரு குட்டியே ஈனும். ஒன்றைப் பிடித்தால் அந்த வட்டாரத்தில் வேறு இல்லாமலே போய்விடலாம்.

கடலாமையின் கதையும் இத்தகையதே. முட்டையிட்டுவிட்டுத் திரும்பும் ஆமை மணலில் விட்டுச்செல்லும் தடத்தை விடியற்காலையில் யாரும் காணலாம். ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டைகள் இருக்கும். அவை பொரிப்பதற்கு ஐம்பது, அறுபது நாட்கள் செல்லும். அத்தனை நாட்களும் அந்தக் குழிக்குக் காவல், தாய் மூடிவிட்டுப் போன மணலும் கண்டவர்களின் மௌனமும்தான். இலங்கைக் கரைகளுக்கு முட்டையிட வரும் ஐந்து வகை ஆமைகளும் வன சீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. 1937ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் நூலில் இருக்கிறது. விடியற்காலைக் கடற்கரையில் சட்டம் வந்து நிற்பதில்லை. அங்கே நிற்பது வலைக்காரனும், நடக்கப்போன முதியவரும், கிளிஞ்சல் பொறுக்கப்போன பிள்ளையுமே.

நாம் ஆமையை உண்பதில்லை, ஷாஃபி மத்ஹபில் பிரபலமான கருத்தின்படி அது உண்ணத் தகாதது, ஆகவே இந்தப் பாவத்தில் எமக்குப் பங்கில்லை என்று சிலர் சொல்லக்கூடும். வாயில் வைக்காதவரின் வாயிலிருந்து செய்தி போயிருந்தால் பங்கில்லை என்று சொல்வது எப்படி? கை சுத்தமாக இருப்பது நல்லது. நாவைப் பற்றிய கணக்கு வேறாக இருக்கிறது.

இங்கேதான் புறம் பேசுதல் பற்றிய நபிமொழி எனக்கு நினைவுக்கு வருகிறது. ஒருவரிடம் உண்மையிலேயே உள்ள குறையைச் சொன்னாலும் அது புறம்தானா என்று கேட்கப்பட்டபோது, உள்ளதைச் சொன்னால்தான் அது புறம், இல்லாததைச் சொன்னால் அது அவதூறு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விளக்கமளித்தார்கள். இதிலிருந்து நாம் பெறும் பாடம் பெரிது. ஒரு செய்தி உண்மை என்பது மாத்திரம் அதைச் சொல்வதற்கான அனுமதிச் சீட்டு ஆகாது. அது யாரிடம் போகிறது, போய் என்ன செய்கிறது என்பதும் கணக்கில் வரும். நான் இங்கு ஃபத்வா சொல்ல வரவில்லை. அதற்குரிய தகுதியும் எனக்கில்லை. புறம் பற்றிய சட்டம் மனிதரின் மானத்தைப் பற்றியது. அந்தச் சட்டத்தின் உள்ளே இருக்கும் ஒழுக்கத்தை, மானம் என்றொன்று இல்லாத, உயிர் மாத்திரமே உள்ள சீவன்களின் பக்கமும் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாமா என்று மட்டுமே கேட்கிறேன்.

“மனிசனுக்கே நீதி கிடைக்காத ஊரில ஆமைக்கும் அழுங்குக்கும் உரிமை பேச வந்திட்டாரு” என்று நண்பர்கள் சிரிப்பதுண்டு. அவர்களுக்கு எமது சொந்த மரபிலிருந்தே விடை இருக்கிறது. அல்அன்ஆம் அத்தியாயம் பூமியில் ஊர்வனவற்றையும் பறப்பனவற்றையும் எம்மைப் போன்ற சமூகங்களாகவே சுட்டுகிறது. பத்தாம் நூற்றாண்டில் பஸராவைச் சேர்ந்த இஃக்வானுஸ் ஸஃபா என்ற அறிஞர் குழாம் எழுதிய ஒரு கதையில், விலங்குகள் மனிதனுக்கு எதிராக ஜின்களின் அரசனிடம் வழக்குத் தொடுக்கின்றன. 1262இல் காலமான ஷாஃபி மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம், கால்நடைகளுக்கு மனிதன்மீது இருக்கும் உரிமைகளை ஒவ்வொன்றாக எடுத்தெழுதினார். முதுமையாலோ நோயாலோ பயன்படாமற் போன மிருகத்துக்கும் தீனி போடவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதற்குத் தீங்கிழைக்கக்கூடியதோடு அதைச் சேர்த்து வைக்கலாகாது என்பது இன்னொன்று. மனிதனுக்கு நீதி கேட்ட அதே அறிஞர்கள்தாம் இதையும் எழுதினார்கள். ஒன்று முடிந்த பிறகு மற்றது என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

பயணமொன்றின்போது தோழர்கள் ஒரு பறவையையும் அதன் இரண்டு குஞ்சுகளையும் கண்டு, குஞ்சுகளை எடுத்துக்கொண்ட சம்பவத்தை அபூதாவூதில் படிக்கிறோம். தாய்ப் பறவை சிறகடித்துத் தவித்தபோது, அதன் பிள்ளைகளைக் கொண்டு அதை வேதனைப்படுத்தியவர் யார் என்று கேட்டு, குஞ்சுகளைத் திரும்பக் கொடுத்துவிடும்படி நபியவர்கள் பணித்தார்கள். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அங்கே எல்லாம் ஒரு காட்சியில்தான் தொடங்கியது. கண்டார்கள், ஆகவே எடுத்தார்கள். காண்பதற்கும் எடுப்பதற்கும் இடையில் நின்று யோசிக்க ஓர் இடைவெளி இருக்கிறது. எமது காலத்தில் அந்த இடைவெளிக்குள் சொல்வது என்ற இன்னொரு செயல் வந்து புகுந்திருக்கிறது. கண்டவர் எடுக்காவிட்டாலும் கேட்டவர் எடுத்துவிடுகிறார்.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டிருப்பதே சிறந்ததா? இல்லை. இதற்கு அந்நம்ல் அத்தியாயமே எனக்கு வழிகாட்டியாக இருக்கிறது. எறும்பின் பெயரால் அழைக்கப்படும் அந்த அத்தியாயத்தில், சீவராசிகள் செய்தி சொல்லும் இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வருகின்றன. ஸுலைமான் (அலை) அவர்களின் படை வருவதைக் கண்ட எறும்பு, தன் கூட்டத்தாரை வீடுகளுக்குள் நுழைந்துகொள்ளும்படி எச்சரிக்கிறது. படையினர் தம்மை அறியாமல் மிதித்துவிடக்கூடும் என்றுதான் அது சொல்கிறது. அவர்களைக் கொடியவர்கள் என்று பழிக்கவில்லை. பின்னர் அணிவகுப்பில் காணாமற்போன ஹுத்ஹுத் பறவை, ஸபஃ நாட்டிலிருந்து உறுதியான செய்தியோடு ஸுலைமான் நபியிடம் திரும்பி வருகிறது. அவர் அதை உடனே நம்பிவிடவுமில்லை, தள்ளிவிடவுமில்லை. உண்மையா என்று பார்ப்போம் என்று கடிதம் கொடுத்து அனுப்புகிறார். இந்த ஹுத்ஹுத் வேறெதுவுமல்ல. எமது வரண்ட பிரதேச வளவுகளில் கொண்டையை விரித்து மடக்கிக்கொண்டு, நீண்ட அலகால் மண்ணைக் குத்தித் திரியும் கொண்டலாத்திதான்.

எறும்பு யாரிடம் சொன்னது? ஆபத்தில் இருந்தவர்களிடம். ஹுத்ஹுத் யாரிடம் சொன்னது? அறிந்து நீதியாக நடக்கக்கூடியவரிடம். ஒரு செய்திக்கு உரிமையுடையவர்கள் இந்த இரு சாராருமே என்று நான் விளங்கிக்கொள்கிறேன். அதனால் ஆபத்துக்குள்ளாகக் கூடியவர் ஒருவர். அதை வைத்து நன்மை செய்யக்கூடியவர் மற்றவர். கேட்டு மகிழ்வதற்காக மாத்திரம் ஒருவரிடம் சொல்லலாமா என்றால், அந்த மகிழ்ச்சியால் யாருக்கும் கேடில்லையாயின் தாராளமாகச் சொல்லலாம். ஆறுமணிக்குருவி வந்த செய்தி அத்தகையது. அழுங்கின் செய்தி அத்தகையதல்ல.

இந்த அளவுகோலின்படி, சொல்லாமல் இருப்பதே குற்றமாகும் சந்தர்ப்பங்களும் உண்டு. வேளாண்மை விளைந்த காலத்தில் யானை இறங்கியதைக் கண்டவர், நள்ளிரவானாலும் அயலாரை எழுப்பிச் சொல்லவேண்டும். 2019ஆம் ஆண்டில் மாத்திரம் நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகளும் ஏறத்தாழ 120 மனிதர்களும் உயிரிழந்தனர். ஒழுங்கையில் யானை நிற்பது தெரியாமல் தொழுகைக்குப் புறப்பட்ட ஒருவருக்கு, அந்தச் செய்தி சேரவேண்டிய உரிமை இருந்தது. மழை வெள்ளத்தோடு முதலை வாய்க்காலுக்குள் வந்ததும் அப்படியே. வலைத்துண்டில் சிக்கிக் கரையொதுங்கிய ஆமையைக் கண்டால், வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்காமல் “எனக்கென்ன” என்று போவது மௌனத்தின் பெயரால் செய்யும் அநியாயம்.

சொல்லும்போது எப்படிச் சொல்வது என்பதும் ஒரு கேள்வி. எமது மொழியில் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. “யானை வந்தது” என்றால் நான் கண்டேன் அல்லது உறுதியாக அறிவேன். “யானை வந்ததாம்” என்றால் யாரோ சொன்னார். ஹதீஸ் கலை அறிஞர்கள் அறிவிப்பாளர் வரிசையைத் தேடிப் பயணம் செய்தார்கள். தமிழன் அந்தப் பொறுப்பை ஓர் “ஆம்” விகுதிக்குள் அடக்கிவைத்தான். இன்று செய்தி ஒருவாய் மாறுவதற்குள் அந்த “ஆம்” உதிர்ந்துபோகிறது. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்ற நபிமொழியின் கருத்தை, எமது தெருப்பேச்சில் நாளாந்தம் மெய்ப்பிக்கிறோம். “பாம்பு” என்று ஒரு சத்தம் கேட்டால் போதும், அது சாரையா புடையனா என்று பார்க்குமுன் தடி விழுந்துவிடுகிறது. எலியைத் தின்று நெல்லைக் காக்கும் சாரைப்பாம்பு, நஞ்சு இல்லாத குற்றத்துக்காக அல்ல, செய்தி அரைகுறையாய் வந்த குற்றத்துக்காகச் சாகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த அல்ஜாஹிஸ் தமது ‘கிதாபுல் ஹயவான்’ நூலை எழுதும்போது, நூல்களில் உள்ளதோடு நில்லாமல் வேடர், மாலுமி போன்ற சாதாரண மனிதர்கள் சொன்னதையும் சேர்த்துக்கொண்டார். சேர்த்துக்கொண்டதோடு சலித்தும் பார்த்தார். அந்தச் சல்லடை எமது வீடுகளிலும் இருக்கவேண்டியது.

இதையெல்லாம் கிழக்கு மக்களுக்கு நான் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. எண்பதுகளின் நடுப்பகுதி முதல் 2009 வரையான யுத்த காலத்தில், “என்ன கண்டாய்?” என்பதே இங்கே மிகப் பயங்கரமான கேள்வியாக இருந்தது. ஒரு வார்த்தையால் ஓர் ஆள் காணாமற்போகலாம் என்பதை எல்லாச் சமூகத்தாரும் அறிந்திருந்தனர். “கண்டதைக் கண்டெண்டு சொல்லிடாத மவன்” என்று எத்தனை உம்மாமார் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள்! அந்த மௌனம் பல உயிர்களைக் காத்தது. சொல்லவேண்டிய சாட்சியத்தையும் அதே மௌனம் விழுங்கியது என்பதும் உண்மையே. செய்தி ஓர் அமானிதம் என்பதையும், அதைப் பிழையான கையில் கொடுப்பது கொலைக்குச் சமமாகலாம் என்பதையும், சரியான இடத்தில் கொடுக்காமல் விடுவதும் துரோகமாகலாம் என்பதையும் நாம் எமது இரத்தத்தால் படித்தவர்கள். அப்படிப் படித்த பாடத்தைப் பேசத் தெரியாத சீவன்களின் விடயத்தில் மறந்துவிடுவதுதான் எனக்கு விளங்காமலிருக்கிறது.

இன்று இந்தப் பொறுப்பு முன்னரிலும் கனத்திருக்கிறது. முன்பு ஒரு செய்தி தேத்தண்ணிக் கடையைத் தாண்டிப் போக ஒரு நாள் எடுத்தது. இப்போது கைப்பேசியில் எடுத்த படம் இஷா தொழுது முடிவதற்குள் ஊர் கடந்து, மாகாணம் கடந்து போய்விடுகிறது. பறவைகளையும் பிராணிகளையும் கண்டவர்களின் குறிப்புகளைத் திரட்டும் பன்னாட்டு அமைப்புகளே, ஆபத்திலுள்ள இனங்களின் சரியான இடத்தை மறைத்துத்தான் வெளியிடுகின்றன. அறிவை மறைப்பது பாவமல்லவா என்று கேட்பவர்களுக்கு இதில் ஒரு விடை இருக்கிறது. அந்த இனம் இருக்கிறது என்ற அறிவு எல்லோருக்கும் உரியது. அது படுக்கும் பொந்து எங்கே என்பது அந்தப் பிராணிக்குரியது.

ஏழ்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஆமை முட்டையை விற்று அன்றைய அரிசிக்கு வழி தேடுபவனைப் பார்த்து, வயிறு நிறைந்தவர்கள் உபதேசம் செய்வது எளிது. அவனுடைய பசிக்கு நானும் ஊரும் பொறுப்பாளிகள். ஸகாத்தும் ஸதகாவும் அதற்காகவே இருக்கின்றன. ஆயினும் நான் அறிந்தவரையில், செய்தியைப் பரப்புபவர்களில் பெரும்பாலானோர் பசித்தவர்கள் அல்லர். முதலில் கண்டவன் நான் என்ற பெருமைக்காகச் சொல்பவர்கள். அவர்கள் அதனால் பெறுவது ஒரு “அப்படியா!” மாத்திரமே. அந்த ஒரு சொல்லுக்காக நூறு முட்டைகளை விலையாகக் கொடுக்கிறோம்.

ஆசிரியனாக இந்த வினா எனக்கு வகுப்பறையில் நேர்முகமாகவே வந்து நிற்கிறது. ஆரம்பப் பிரிவில் சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்றொரு பாடம் இருக்கிறது. சுற்றிலும் உள்ளவற்றை அவதானித்து வந்து சொல்லும்படி பிள்ளைகளைக் கேட்கிறோம். ஒரு பிள்ளை கையை உயர்த்தி, “சேர், நான் ஆமைத் தடம் கண்டன்!” என்று எழுந்து நின்றால், முப்பத்தைந்து சோடிக் காதுகள் திறந்திருக்கின்றன. அந்தப் பிள்ளையை உட்காரச் சொன்னால் காணும் ஆசையே அதற்கு அற்றுப்போகும். முழுக்கச் சொல்லவிட்டால் அன்று மாலைக்குள் குழி தோண்டப்பட்டிருக்கும். ஆகவே எமது வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். என்ன கண்டாய், எப்போது கண்டாய், அது என்ன செய்தது என்பதை எல்லோருக்கும் சொல்லலாம். கரும்பலகையிலும் எழுதலாம். எங்கே என்பதை மாத்திரம் மேசைக்கருகே வந்து மெதுவாகச் சொல்லவேண்டும். தான் கண்டதை நம்பி ஒரு பெரிய மனிதர் கேட்கிறார் என்பதிலும், தன்னிடம் ஓர் இரகசியம் அமானிதமாக இருக்கிறது என்பதிலும் பிள்ளைகள் பெருமைப்படுகிறார்கள். அந்தப் பெருமையில் தீங்கில்லை.

பிள்ளைகளுக்குச் சொல்வது எழுதுகிறவர்களாகிய எமக்கும் பொருந்தும். எமது கதைகளிலும் கவிதைகளிலும் ஊரின் குளமும் களப்பும் கரையும் பெயரோடு வரவேண்டும் என்று வாதாடி வந்தவர்களில் நானும் ஒருவன். எமது மண் எமது எழுத்தில் பதிவாகவேண்டும் என்பதில் இன்றும் மாற்றமில்லை. ஆனால் இந்தக் கட்டுரையில் எந்தக் கடற்கரையின் பெயரும், எந்தக் கிராமத்தின் பெயரும் வரவில்லை என்பதை வாசகர் கவனித்திருப்பர். நான் சொன்ன தடங்கள் இந்த ஆண்டும் அங்கே விழக்கூடும் என்பதே அதற்குக் காரணம்.